அத்தானின் ஆட்டுப்பட்டி

என் மகளுக்குத் தேவாலயத்தில் முதல்நன்மை கொடுத்த கிழமை, என் கணவரின் தமையன் இரண்டு சினையாடுகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வளவில் கட்டினார். அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். மன்னார்த் தீவில் எங்கள் கரையில் அவரிடம் இருந்ததுபோலப் பெரிய பட்டி வேறு யாரிடமும் இல்லை. கோயிலில் அவர் மூப்பர். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் ஆட்டுப்பால் அனுப்புகிறவரும் அவர்தான்.

"நல்ல சாதி ஆடு பிள்ளை. உனக்கெண்டபடியாத்தான் தாறன்" என்றார். விலைக்குத்தான் தந்தார். ஆனால் தானம் செய்கிறவரின் முகத்தை வைத்துக்கொண்டு தந்தார்.

என் கணவர் கடலுக்குப் போகிறவர். சோளகக் காற்று எழும்பிவிட்டால் வள்ளம் கரையில் கிடக்கும். அந்த நாட்களில் ஆடு கை கொடுக்கும் என்று நினைத்தோம். அப்போது நானும் வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன்.

முதல் ஆடு நாள் வருமுன்னரே குட்டியைப் போட்டது. செத்த குட்டி. பாதியில் சிக்கி நின்றதை நான்தான் வெறுங்கையால் இழுத்தெடுத்தேன். மீன் வெட்டி வெட்டி என் விரல்களில் எப்போதும் கீறல் இருக்கும். அன்றும் இருந்தது. சில நாட்களில் மற்ற ஆட்டுக்கும் அதே கதி. அதற்கும் நான்தான் கை வைத்தேன். குட்டிகளோடு விழுந்த இளங்கொடியை வளவின் மூலையில் புதைத்தேன். தெருநாய்கள் கிளறி இழுத்துக்கொண்டு போய்விட்டன. ஆடுகள் கொஞ்சம் பால் சுரந்தன. வீணாக்க மனமில்லாமல் இளஞ்சூட்டில் குடித்தேன், பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லதென்று. மகளுக்கு அந்த வாடை பிடிக்காது. அது அவளைக் காப்பாற்றியது.

பிறகு எனக்குக் காய்ச்சல் தொடங்கியது. பகலில் இருக்காது. பின்னேரமானால் ஏறும், வேர்த்துக் கொட்டும், விடியும்போது இறங்கிவிடும். முதுகை யாரோ உலக்கையால் இடித்ததுபோல் இருக்கும். வைரஸ் காய்ச்சல் என்று ஒரு டொக்டர் குளிசை தந்தார். சளியைச் சோதிக்கச் சொன்னார் இன்னொருவர். இந்த அலைச்சலுக்கு நடுவில் என் பிள்ளை விழுந்துவிட்டது. பொம்பிளைப் பிள்ளை. ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொடுத்தார்கள். அவ்வளவு சின்ன முகத்தில் மூக்கு எங்கள் வீட்டு மூக்காக இருந்தது.

ஆசுபத்திரியிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஆண்களிடம் அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் குடுத்த ஆட்டுக்குக் குட்டியும் தங்கேல்ல, பிள்ளையும் தங்கேல்ல. அவளின்ர கைராசி அப்பிடி."

என் கணவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அந்தச் சொல்லை நான் விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது வயிற்றில் இறங்கவில்லை.

காய்ச்சல் விடாததால் மன்னார் ஆசுபத்திரிக்கு மறுபடியும் போனேன். அன்று இருந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"வீட்டில ஆடு, மாடு வளக்கிறீங்களோ அம்மா?"

"ஓம் டொக்டர், ஆடு."

"குட்டி ஏதும் குறையில விழுந்ததோ?"

"ரெண்டுக்கும் விழுந்தது."

"ஆர் இழுத்தெடுத்தது?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். அந்த இடத்திலேயே மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். என் இரத்தம் கொழும்புக்குப் போனது. மிருக வைத்தியர் வந்து என் ஆடுகளின் இரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போனார். இரண்டிலும் ஒரே கிருமி. ஆட்டுக்குக் குட்டி விழுத்துகிற கிருமிதான் எனக்குக் காய்ச்சலாக வந்தது. என் பிள்ளையை விழுத்தியதும் அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்றார் டொக்டர்.

"மனிசருக்கு ஒரு அரசாங்கக் கந்தோர், மிருகத்துக்கு ஒரு கந்தோர், குளத்துக்கும் குப்பைக்கும் வேற கந்தோர்" என்றார் மிருக வைத்தியர். "நாங்கள்தான் வேலி போட்டு வைச்சிருக்கிறம். கிருமிக்கு ஒரு வேலியும் இல்லை. இந்த ஆடுகள் எங்க வாங்கினது?"

சொன்னேன். அந்தப் பட்டிக்குத் தான் ஒருமுறை போனதாகவும், எல்லாம் சுகம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் வைத்தியர் சொன்னார்.

அதுவரை அத்தானுக்கும் தெரியாமல் நடந்த காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை உடைத்தவர் அவருடைய பட்டியில் ஆடு மேய்த்தவர். மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறிய குடும்பம். நான் மருந்துக்கு நின்ற வரிசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரும் நின்றார். அவருக்கும் பின்னேரக் காய்ச்சல்.

"போன மழைக்கே பட்டியில குட்டி விழுந்துகிட்டு இருந்திச்சுங்க அக்கா" என்றார். "நான் சொன்னேன், டாக்டரக் கூப்பிடலாம்னு. கூப்பிட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும், பாலு நின்னுரும்னு சொல்லிட்டாரு. செத்த குட்டியெல்லாம் குளத்தங்கரையில போடச் சொன்னாரு. நாய் இழுத்துக்கிட்டுப் போச்சு. சினையா இருந்ததுல சிலத வெளிய தள்ளிரணும்னு சொல்லித்தான் உங்க வீட்டுக்குக் கொண்டாந்தாரு."

எனக்கு அழுகை வரவில்லை. எனக்குள் ஏதோ ஒன்று நிதானமாக எழுந்து உட்கார்ந்தது. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணனப்பா" என்றார். "இனி என்ன செய்யிறது? விடு."

"உங்களுக்கு அண்ணன். செத்தது என்ர பிள்ளை."

"என்ர பிள்ளையுந்தான்."

"அப்ப எழும்புங்கோ."

அவர் எழும்பவில்லை. பட்டிக்கு நெருப்பு வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். நெருப்பு வைத்தால் ஊர் அவருக்காக அழும். எனக்கு அது வேண்டாம். ஊர் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பட்டி வெறுமையாக வேண்டும். அதற்கு நெருப்பைவிட இரத்தச் சோதனை நல்லது என்று எனக்குப் பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டொக்டரையும் மிருக வைத்தியரையும் சுகாதாரப் பரிசோதகரையும் கோயிலடிக்கு வரச் சொல்லிக் கேட்டேன். வந்தார்கள். பூசை முடிந்து அறிவித்தல் வாசிக்கிற நேரத்தில் நான் எழுந்தேன்.

"பாதர், நானும் ஒரு அறிவித்தல் சொல்லவேணும்."

பாதர் தயங்கினார். நான் பொறுத்திருக்கவில்லை. ஆடு வந்தது, குட்டி விழுந்தது, பிள்ளை விழுந்தது, இரத்தத்தில் என்ன கண்டார்கள், குளத்தங்கரையில் எதைப் போட்டார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த அத்தான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அவளுக்குக் காய்ச்சல் தலைக்கேறிப்போச்சு. ஆராவது வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ."

"போறன். போக முந்தி ஒண்டு கேக்கிறன்" என்று தாய்மாரின் பக்கம் திரும்பினேன். "முன்பள்ளியில உங்கட பிள்ளையள் குடிக்கிற பால் எந்தப் பட்டியால வருது? கொதிக்க வைச்சோ குடுக்கினம்?"

ஒரு தாய் எழும்பினாள். "என்ர மகனுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டு வருது" என்றாள். இன்னொருத்தி எழும்பினாள். பிறகு யார் பேசுகிறார்கள் என்று தெரியாத அளவுக்குச் சத்தம். வெளியே நின்ற டொக்டரை அவர்களே உள்ளே அழைத்து வந்தார்கள். அத்தானின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மிருக வைத்தியர் அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டார்: "நாளைக்கு வந்து ஆடுகளைப் பாக்கலாமோ ஐயா?" ஊரே அவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"வாங்கோ" என்றார்.

அத்தானின் பட்டியில் நல்ல பங்கு ஆடுகளுக்கு நோய் இருந்தது. அந்த ஆடுகளையும் என் இரண்டையும் அழிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாள் நான் வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், அவருடைய வேலிக்கு வெளியே உடைமர நிழலில் போட்டு உட்கார்ந்தேன். குளத்திலிருந்து தூரத்தில் ஆழமாகக் கிடங்கு வெட்டினார்கள். சுண்ணாம்பு மூட்டைகள் வந்தன. கையுறை போட்டவர்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். அத்தானின் மனைவி வாசலில் தலையில் கை வைத்து அழுதா. ஆடுகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவற்றின் கண்களைப் பார்க்க முடியாமல் அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு தரம் என் பக்கம் பார்த்தார். நான் எழும்பவில்லை. பின்னேரம் கடைசி மண்ணையும் மூடி முடித்த பிறகுதான் கதிரையை எடுத்தேன். அன்று வெகுகாலத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

முன்பள்ளியில் இரண்டு பிள்ளைகளின் இரத்தத்தில் கிருமி இருந்தது. நேரத்தோடு மருந்து கொடுத்ததால் தேறிவிட்டார்கள். ஆடு மேய்த்தவருக்கும் எனக்கும் கிழமைக்கணக்காகக் குளிசை. குமட்டல் தாங்க முடியாது, ஆனாலும் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. அத்தானுக்கு முன்னால் நான் சாகக்கூடாது என்றிருந்தது.

ஒருநாள் அத்தானின் மனைவி வேலியோரம் வந்து நின்றா. முகம் வற்றிப்போயிருந்தது.

"எனக்கும் பின்னேரத்தில குளிர்ந்து குளிர்ந்து காயுது. ஆசுபத்திரிக்குப் போனா இன்னும் வெக்கக்கேடு எண்டு உங்கட அத்தான் மறிக்கிறார். என்னைக் கூட்டிக்கொண்டு போவியோ பிள்ளை?"

என் கைராசியைப் பற்றி அவவும் கிணற்றடியில் பேசியவதான். ஆனாலும் சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். இரக்கம் என்று யாரும் எழுதிவிடவேண்டாம். அவருடைய வீட்டு வாசலைக் கடந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய மனைவியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அவ அழுதபடி வந்தா. பஸ்ஸுக்குள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டா. நான் தோளை அசைக்காமல் இருந்தேன். அது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவவுக்கும் அதே நோய். இப்போது சுகம்.

இப்போது எங்கள் கரையில் செத்த குட்டியை யாரும் குளத்தடியில் எறிவதில்லை. ஒவ்வொரு பட்டிக்கும் சுண்ணாம்புக் கிடங்கு இருக்கிறது. எங்கள் வளவுக் கிடங்கை என் கணவர்தான் வெட்டினார், நான் கேளாமலே. ஆட்டுக்குக் குட்டி விழுந்தால் மிருக வைத்தியர் டொக்டருக்குச் சொல்கிறார். வீட்டில் காய்ச்சல் என்றால் டொக்டர் அவருக்குச் சொல்கிறார். வாசிகசாலையில் கூட்டம் வைக்கும்போது என்னையும் மேடைக்கு அழைக்கிறார்கள். ஊரின் சுகத்துக்காகப் போராடிய தாய் என்கிறார்கள். கேட்டுக்கொண்டு இருப்பேன். நான் போராடியது ஊருக்காக அல்ல. ஊருக்கு நன்மை வந்திருந்தால் வரட்டும்.

மூப்பர் பதவியை அத்தான் தானாகவே விட்டுவிட்டார். என்னிடம் இப்போது சோதித்த, நோயில்லாத ஆடுகள் நிறைய நிற்கின்றன. போன மாதம் அவர் என் படலையடிக்கு வந்தார். நல்ல வெயில்.

"ரெண்டு பெட்டை மறி தருவியோ பிள்ளை? பட்டியைத் திரும்பத் தொடங்கலாம் எண்டு பாக்கிறன்."

"முதல்ல உங்கட பட்டியை மிருக வைத்தியர் வந்து பாக்கட்டும்."

"அவர் பாத்திட்டார். சரியெண்டிட்டார்."

அது உண்மைதான். மிருக வைத்தியர் என்னிடமும் சொல்லியிருந்தார். நான் படலையைத் திறக்கவில்லை. அவர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"கைராசியில்லாதவளின்ர ஆடு உங்களுக்கு என்னத்துக்கு அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் கனநேரம் நின்றுவிட்டுப் போனார். போன கிழமையும் வந்தார். அன்றும் நான் ஆடு கொடுக்கவில்லை.