மலைச் சூரியனும் கருவாட்டுக் கடை மாடியும்

என் மூக்கை டாக்டரிடம் அனுப்பியது நானல்ல, என் துரை.

பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அப்போது நான் கணக்கெழுதும் கிராணி. மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் எழுதுவேன். புருவங்களுக்கு நடுவே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போன்ற வலி. எந்த வாசனையும் தெரியாது. நாட்டு வைத்தியர் பீனிசம் என்றார். நொச்சி ஆவி பிடித்தேன்; மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டுப் புகையை இழுத்தேன். மூக்கு அசைந்து கொடுக்கவில்லை.

ஒருநாள் துரை என் மேஜை முன்னால் வந்து நின்று, என் மூக்குச் சத்தத்தில் டைப்ரைட்டர் சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்றார். சீமையிலிருந்து வந்திருக்கும் ஒரு டாக்டர் தன் நண்பர் என்றும், மறுநாளே போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கட்டளையாக வந்த கருணை. மறுக்க முடியுமா?

டாக்டரின் க்ளினிக் கடலோரத்துப் பெரிய பங்களாக்களின் வரிசையில் இருந்தது. அங்கே கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்த தமிழர் என்னை ஓர் இருட்டறைக்குக் கூட்டிப்போனார். டாக்டர் ஒரு சின்ன மின்விளக்கை என் வாய்க்குள் வைத்து உதட்டை மூடச் சொன்னார். டிரஸ்ஸர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினார்.

"நல்ல மூக்கா இருந்தா ரெண்டு கன்னமும் செவசெவன்னு எரியும் அண்ணே. உங்களுக்குப் பாருங்க, ரெண்டு பக்கமும் கும்மிருட்டு."

வாயில் விளக்கு இருந்ததால் வருத்தப்படவும் வழியில்லை.

டாக்டர் நிதானமாகக் கைகழுவிவிட்டு வந்து, என் உடம்புக்கு வெயில் போதவில்லை என்றார். நடுப்பகலில் குடையில்லாமல் நடந்து வந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த என்னிடம்தான் அதைச் சொன்னார். சொன்ன அறையில் ஒரு துளி வெயிலும் வராதபடி எல்லா ஜன்னல்களிலும் மூங்கில் திரையை இறக்கிவிட்டிருந்தது.

அதற்கு மருந்தாக ஜெர்மனியிலிருந்து ஒரு விளக்கு வந்திருந்தது. அதன் பெயர் மலைச் சூரியனாம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, முகத்துக்கு நேரே அதை ஏற்றினார்கள். பிறகு கண்ணாடிக் குச்சி ஒன்றால் அதே ஒளியை மூக்குத் துவாரத்துக்குள்ளும் விட்டார்கள்.

"எந்த மலைச் சூரியன்?" என்று டிரஸ்ஸரைக் கேட்டேன்.

"சுவிஸ் நாட்டுப் பனிமலை லா."

"ஏன், நம்ம பினாங்கு மலை ஆவாதா?"

"அது வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரன் ஏறுற மலைண்ணே. இது வெயிலுக்காக ஏறுற மலை. அசையாதீங்க, கண்ணைத் தொறந்தா நாளைக்கு மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்."

வாரக்கணக்கில் போய்வந்தேன். மூக்கின் மேல் தோல் கறுத்து உரிந்தது. என் மனைவி என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெயில் வாங்கவா அவ்வளவு தூரம் போறீங்க? பின்மாடில துணி காயுது, பக்கத்துல படுத்துக்குங்க. விளக்கைவிட நல்லாவே காயலாம்."

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிராங்கின் கால்வாய் ஓரத்தில், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் கருவாட்டுக் கடைக்கு மேல்மாடி. விசாலமான வீடு, நல்ல காற்று. அவ்வளவு நல்ல வீட்டுக்கு என்னைத் தவிர யாரும் போட்டிக்கு வராதது என் அதிர்ஷ்டம் என்றே நம்பியிருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மனைவி வேறு வீடு பார்க்கச் சொன்னாள். நாற்றம் என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று மனசாட்சியோடு பதில் சொன்னேன். சில வருஷங்களில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நான் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். என் மூக்குக்காகத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் நேர்ந்துகொண்டபோதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஒரு காலை, விளக்கின் கீழ் இருந்தபோது இடி விழுந்த இடத்தில் வருவதுபோல ஒரு காட்டமான நெடி. "என்ன இது?" என்றேன். டிரஸ்ஸர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். அந்த விளக்குக்கே உரிய வாடை அதுவாம். அறையில் எனக்கு மட்டும்தான் இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஊரை முகர்ந்துகொண்டே நடந்தேன். காப்பிக்கொட்டை வறுக்கும் கடை வாசலில் நின்றேன். கிராம்புக் கிடங்கின் எதிரே கண்ணை மூடி நின்ற என்னைப் பார்த்துக் காவலாளி சந்தேகப்பட்டான். பூக்கடையில் மல்லிகை வாங்கிக்கொண்டு, பெரிய மனிதனாக வீட்டை நோக்கித் திரும்பினேன்.

கால்வாய் முனையிலேயே அது என்னைப் பிடித்தது. படியேறி வீட்டுக்குள் போனால் அங்கேயும் இருந்தது. பாயில், தலையணையில், ஆணியில் தொங்கிய என் ஆபீஸ் கோட்டில்.

"என்ன செத்துப்போச்சு இங்க?" என்று கத்தினேன்.

மனைவி கரண்டியை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"நல்லாத் தெரியுதா?"

"ஐயோ, நல்லாவே தெரியுது!"

அப்போதுதான் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் மற்றக் கிராணிகள் என்னிடமிருந்து இரண்டு மேஜை தள்ளி உட்காருவதை, மூத்தவன் என்ற மரியாதை என்று நினைத்திருந்தேன். துரை என்னை அனுப்பியது சத்தத்துக்காக மட்டும்தானா என்றும் யோசித்தேன். அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை.

மறுநாளே வேறு வீடு பார்ப்பதாகச் சொன்னேன். அவள் அசையவில்லை.

"நான் எங்கயும் வரலீங்க."

"நீதானே இத்தனை வருஷமாக் கேட்டே?"

"அப்பக் கேட்டேன். இப்ப எனக்கு நாத்தமே தெரியறதில்ல. கீழ் வீட்டு அக்காவை விட்டுட்டு எங்க போறது? புள்ள பொறந்தப்ப ராவும் பகலும் கூட உக்காந்திருந்தது யாரு? உங்க மூக்கா?"

கீழ் வீட்டு அக்கா என்றது தவுக்கேயின் மனைவியை. இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் சந்தை மலாய். அதை வைத்துக்கொண்டே எங்கள் கல்யாண வாழ்க்கையில் நானும் அவளும் பேசியதைவிட அதிகம் பேசியிருந்தார்கள். நாற்றம் தாங்காமல் போவதாக நான் சொன்னதும் அந்த அம்மாள், "பாவு? தாடா பாவு லா!" என்றாள். நாற்றமே கிடையாதாம். அவள் முகத்தில் துளி விளையாட்டு இல்லை.

கடைசியில் நான் கெஞ்சித்தான் வீடு மாறினோம். தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், மரங்களுக்கு நடுவே சிறிய வீடு. தைப்பூசத்தில் அவள் பால்குடம் எடுத்து நேர்த்திக்கடனை முடித்தாள். குணமாக்கியது முருகன் என்றாள். டாக்டர் விளக்கு என்றார். நாட்டு வைத்தியர், மஞ்சள் புகை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார். துரை, தான்தான் என்றார். நால்வருக்கும் நன்றி சொன்னேன். அடுத்த மழைக்காலத்தில் ஒரு பக்க மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. நால்வரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் மனைவி கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்புவாள். நடந்தே போகிற கோயிலுக்கு ரிக்‌ஷா வந்து நிற்கும். ஏறி உட்கார்ந்ததும் அது மலைப்பக்கம் திரும்பாமல் பிராங்கின் கால்வாயைப் பார்த்து ஓடும்.