ஒற்றிக் காணியும் என் அந்தரமும்

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அளவெட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது முப்பது வயது கடந்திருந்தது. ஊரில் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். வாய்க்காரி என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மைதான். முதலாவதைக் கேட்டு நான் கொஞ்சம் அதிகமாகவே மயங்கிப் போனேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கலியாணம் முடித்தபோது என் தகப்பனார் எனக்குச் சீதனமாகத் தந்தது ஒரு தோட்டக் காணி. நல்ல செம்மண், நடுவில் வற்றாத கிணறு. அதில்தான் என் கணவர் புகையிலையும் வெங்காயமும் செய்தார். கலியாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு அவருடைய தங்கைக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாமனார் இல்லாத வீடு, ஒரே தமையன், பொறுப்பு முழுவதும் இவர் தலையில். மாப்பிள்ளை வீட்டார் ரொக்கமும் கேட்டார்கள். இவர் நாலு நாள் சோறு இறங்காமல் திரிவதைப் பார்க்கச் சகிக்காமல், என் காணியை ஒற்றி வைக்கலாம் என்று நானே சொன்னேன். பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் நானே கையெழுத்தும் போட்டேன். மச்சாளின் கலியாணம் சிறப்பாக நடந்தது. அந்தக் கடனுக்காக நான் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒற்றி என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காசு தந்தவர் காணியை எடுத்துக்கொள்வார். அதில் விளைவதுதான் அவருக்கு வட்டி. வேறு வட்டி கிடையாது. வாங்கிய காசை என்றைக்கு முழுதாகத் திருப்பிக் கொடுக்கிறோமோ, அன்றைக்குக் காணி திரும்பி வரும். எத்தனை வருடம் கிடந்தாலும் காசு அதே காசுதான்.

எங்களுக்குக் காசு தந்தவர் மலாயாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த ஒரு பென்சன்காரர். அவர் மண்வெட்டி பிடிக்கிற ஆள் அல்ல. காணியை எங்கள் ஊர்க் கமக்காரன் ஒருவனுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். என் கணவர் வேறொருவரின் தோட்டத் தரையைக் குத்தகைக்கு எடுத்து அதில் பாடுபட்டார். நான் கோவிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் என் காணியைத் தாண்டித்தான் போக வேண்டும். என் கிணற்றுத் துலாவில் வேறு யாரோ ஏறி மிதித்துத் தண்ணீர் இறைப்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே நடையை எட்டிப் போடுவேன்.

ஒரு நாள் அந்தக் கமக்காரன் நல்ல மனதோடு ஒரு பிடி வெங்காயத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான்.

"அக்கா, இது உங்கடை காணியிலை விளைஞ்சது. முதல் பிடுங்கினது. கறிக்குப் போடுங்கோ" என்றான்.

அவன் போனதும் அதைத் தூக்கி ஆட்டுக்கு எறிந்தேன். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது. என் கணவர் சத்தமில்லாமல் பொறுக்கியெடுத்து, மண்ணைத் தட்டி, மத்தியானம் பழஞ்சோற்றோடு கடித்துச் சாப்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை.

"இஞ்சாரும், ஒற்றிதானே. ஆறுதலாய் மீட்பம். உமக்கேன் உந்த அந்தரம்?" என்று அவர் அடிக்கடி சொல்வார். நான் அவசரத்தில் பறக்கும்போது ஆறுதலாய் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களுக்கென்ன, உங்கள் தங்கை நன்றாக இருக்கிறாள், தெருவில் தலைகுனிந்து போகிறவள் நான்தானே என்று சொல்லிக்காட்டுவேன். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பதினாலு வயது. பக்கத்து ஊரில் மிஷன்காரர் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சம்பளம் கட்ட வேண்டும், புத்தகம் வேண்டும், வெள்ளைச் சட்டை வேண்டும். இந்தப் பக்கம் தோட்டத்தில் கூலிக்கு ஒரு பெண் பிடித்திருந்தோம். இரண்டு செலவையும் ஒன்றாக வெட்டினால் காணி எவ்வளவு சீக்கிரம் வரும் என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. தோன்றிய கிழமையே அவளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்துவிட்டேன். கூலிக்காரியையும் நிற்பாட்டினேன்.

அவளுக்குப் படிப்பித்த ரீச்சர் வெயிலுக்குள் நடந்து வீடு தேடி வந்தார். "இன்னும் ஒண்டரை வருசம் விடுங்கோ அக்கா. பிறகு ரீச்சர் வேலைக்குப் பழக்க எடுப்பினம். இவளை நிச்சயம் எடுப்பினம். சம்பளக்காரியாய் வந்திடுவாள்" என்று கெஞ்சினார்.

"காணியில்லாத பெட்டையை ஆர் கட்டுவினம், ரீச்சர்? அவளுக்குத்தானே மீட்கிறன்" என்றேன்.

அவர் நான் கொடுத்த மோரைக் குடிக்காமலே எழும்பிப் போனார். நான் பேச்சில் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அன்று மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். அழுகிற பிள்ளைக்கு ஒரு துண்டு சர்க்கரை கொடுப்பதுபோல, "அழாதை பிள்ளை. காணியை மீட்ட கையோடை திரும்பிப் போகலாம்" என்றேன். அவள் உடனே எழும்பி முகத்தைத் துடைத்தாள். "மெய்யே அம்மா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அடுப்பைப் பார்க்க எழும்பிப் போனபோதே நான் சொன்னதை மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்தது போல ஒரு ஆண்பிள்ளைகூடச் செய்திருக்கமாட்டான். புகையிலைச் செடியில் பக்கக் கன்றுகளை முறிப்பாள், இலை இலையாகப் புரட்டிப் புழு எடுப்பாள், வெங்காயம் நடுவாள், பிடி கட்டுவாள். புகையிலைப் பிசின் பட்டுப் பட்டு அவளுடைய கை கறுத்துப்போனது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் நான் ஒரு தகரப் பிஸ்கற் பேணிக்குள் காசைப் போடுவேன். அப்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, "இன்னும் எவ்வளவு இருக்கு அம்மா?" என்று கேட்பாள். தீபாவளிக்குச் சீத்தைத் துணி எடுக்கலாமா என்று இவர் கேட்டபோது, அவளே வேண்டாம் என்று மறித்து, அதையும் பேணிக்குள் போடச் சொன்னாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றடியில் நாலு பேர் கூடினால் இதுதான் என் கதை. "என்ரை பெட்டைக்குக் காணியிலை இருக்கிற பிடிப்பைப் பாருங்கோ. இந்த வயசிலை ஆருக்கு வரும்?" என்பேன். கேட்டவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அவளை உதாரணம் காட்டினார்கள்.

அவளை மறித்து இரண்டரை வருடத்தில் பேணி நிறைந்தது. ஒரு வியாழக்கிழமை நானும் கணவரும் நொத்தாரிசு வீட்டுக்குப் போனோம். பென்சன்காரரும் வந்திருந்தார். எழுத்து வேலையெல்லாம் முடிந்தது. நல்ல மனிதர் அவர். காசை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கெட்டிக்காரி. இவ்வளவு கெதியிலை மீட்பீர் எண்டு நான் நினைக்கேல்லை. ஆனால் ஒண்டு கேட்கிறன், குறை நினையாதையும் பிள்ளை. என்ன அந்தரம்? நான் நெருக்கினனானே? ஒற்றிக் காசு குட்டி போடுமே? பத்து வருசம் கழிச்சுத் தந்திருந்தாலும் நான் வாங்கியிருப்பன்தானே."

அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமா? ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வட்டிக் கடன் என்றால் குரல்வளையைப் பிடிக்கும், ஓடித்தான் அடைக்க வேண்டும். இது அப்படி இல்லை. போட்ட இடத்தில் கிடக்கும் கடன். அப்படியானால் நான் எதற்காக ஓடினேன்? எங்கள் காணி எங்களிடம் இருப்பதுதானே அழகு என்று ஏதோ முணுமுணுத்தேன். என் கணவர் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி காலில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் காணியைக் கண்டதும் மனம் பூரித்துப்போனது. உள்ளே இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தேன். வேலியோரம் ஒரு சுற்று நடந்தேன். பிறகு காணி உறுதிக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

முற்றத்துக் கொடியில் மகளின் வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டரை வருடமாகப் பெட்டிக்குள் கிடந்த சட்டை. கைப்பக்கம் பிரித்து, துண்டு வைத்துத் தைத்திருந்தாள். புத்தகங்களைத் தூசு தட்டி அடுக்கியிருந்தாள். நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. கண்டேன், ஆனால் கவனிக்கவில்லை. காகிதத்தை அவள் கையில் வைத்து, "இந்தா பிள்ளை, இனி இது உன்ரை" என்றேன்.

அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்தாள். முகம் முழுவதும் சிரிப்பு.

"அம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கே போகட்டோ, இல்லாட்டித் திங்கட்கிழமை போகட்டோ?"

"எங்கை?" என்று கேட்டேன்.

சத்தியமாக எனக்கு நினைவே வரவில்லை. எங்கே என்றுதான் கேட்டேன். அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது, பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. "பள்ளிக்கூடத்துக்கு" என்றாள். "நீங்கள்தானே சொன்னனீங்கள்."

இன்னும் எவ்வளவு இருக்கு என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்குக் காணியில் ஒரு பிடிப்பும் இருக்கவில்லை. அவள் வேறொரு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். என் கணவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசி மனத்தை ஆற்றியிருப்பேன். அவர் எனக்கு அந்த வசதியையும் தரவில்லை.

திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போனேன். அதே ரீச்சர்தான் இருந்தார். என்னைக் குத்திக்காட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது, ஆனால் அப்படிச் செய்யவில்லை. அவளோடு படித்தவர்கள் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள், இரண்டு பேர் ரீச்சர் வேலை பழகுகிறார்கள் என்றார். அப்படிப் பழகப் போவதற்கு இவள் இனிப் படித்து முடிக்கும்போது வயது கடந்துவிடும் என்றார். சும்மா படிக்க விருப்பமென்றால் விட்ட வகுப்பிலேயே இருக்கலாம் என்று, அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இருக்கிறன்" என்றாள் மகள்.

மூன்று நாள் போனாள். தன்னிலும் இளைய பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் காலையில் நான் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தேன். அவள் பழைய பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓலைக் கடகத்தை எடுத்தாள்.

"ஏன் பிள்ளை?"

"கை எழுதமாட்டன் எண்டுது அம்மா. பேனை பிடியிலை நிக்குதில்லை. சின்னப் பிள்ளையள் என்ரை கையைப் பார்த்துச் சிரிக்குதுகள்."

நான் அவள் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள், எங்கள் சொந்தத் தோட்டத்துக்கு. இன்னும் நாலு நாள் போய்ப் பார் என்று அவளை வற்புறுத்தக்கூட எனக்கு நாக்கு எழவில்லை. வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான்.

பத்தொன்பது வயதில் அவளுக்குக் கலியாணமானது. அந்தக் காணியைத்தான் சீதனமாகக் கொடுத்தேன். மருமகன் நல்ல உழைப்பாளி. அங்கேயே வீடு கட்டி, பிள்ளை குட்டியோடு குறையில்லாமல் இருக்கிறாள். இந்த விஷயத்தைப் பற்றி ஒரு நாள்கூட என்னிடம் வாய் திறந்ததில்லை. அரசாங்கக் கச்சேரியில் இருந்தோ வேறெங்கிருந்தோ இங்கிலீசில் ஒரு காகிதம் வந்தால், பிரிக்காமலே பிள்ளைகளிடம் நீட்டுவாள். தனக்கு அது விளங்காது என்பாள். முக்கால்வாசி விளங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஊரில் இன்றைக்கும் என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறார்கள். ஒற்றி வைத்த காணியைக் குறுகிய காலத்தில் மீட்டெடுத்த பெண்பிள்ளை என்று புதுக்கலியாணக்காரருக்கு என்னைக் காட்டுகிறார்கள். முன்பு அதைக் கேட்டு உச்சி குளிர்ந்தவள், இப்போது பேச்சை மாற்றிவிடுகிறேன். காணியை ஆறுதலாகவே மீட்டிருக்கலாம், அவர் சொன்னது போல. தெருவில் இரண்டு பேர் என்ன நினைப்பார்கள் என்ற என் வெட்கத்துக்குத்தான் அவ்வளவு அந்தரம் இருந்தது. அந்த வெட்கத்துக்கு என் பிள்ளையின் இரண்டரை வருடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கடனைச் சொன்ன காலத்துக்கு முன்பே அடைத்துவிட்டோம் என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது, உங்கள் வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்போல் எனக்கு நாக்கு துடிக்கிறது.