படிக்கட்டில் நின்ற அறுபத்து நான்கு பேர்

நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் தேறினார்கள் என்று ஒரு கல்லூரி சொன்னால், அந்த நூறு பேர் யார் என்று நீங்கள் கேட்டதுண்டா? நான் அமெரிக்காவில் ஆல்டூனா நகரத்து மருத்துவமனை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு குழாய் கைதவறி உடைந்தால் அதன் முடிவு பட்டியலில் வராது. ஆனால் அந்த இரத்தத்துக்குரிய ஆள் மேல்மாடியில் படுத்துக்கொண்டுதான் இருப்பார்.

டெஸ்ஸா கொவால்சிக் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எழுத்தர். தள்ளுமேசையில் கணினியை வைத்துக்கொண்டு மருத்துவரின் பின்னாலேயே நடப்பாள். அவர் நோயாளியிடம் கேட்பதையும் சொல்வதையும் தட்டெழுதுவாள். மருத்துவம் படிக்க ஏங்குகிறவர்கள்தான் இந்த வேலைக்கு வருவார்கள். அந்த ஏக்கத்தை நம்பித்தான் சம்பளத்தையும் அவ்வளவு குறைவாக வைத்திருக்கிறார்கள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. நான்கு வருடமாக இந்த வேலை. ஒருநாள் வயிற்றுவலியோடு வந்த ஒரு லாரி ஓட்டுநரை டாக்டர் ஓகில்வி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டெஸ்ஸாவின் விரல் ‘குடல்வால் அழற்சி’ என்று தானாகவே அடித்துவிட்டது. டாக்டர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அவர் சொன்ன பிறகு மறுபடி அடித்தாள். இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மந்தம் இல்லை. மருத்துவ நுழைவுத் தேர்வில் நூறு பேரில் எண்பத்தைந்து பேரை முந்தினாள். ஆனால் கல்லூரியில் இரண்டாம் வருடம், ரயில் எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்த அவள் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். வெள்ளிதோறும் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து, அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, திங்கள் விடியலில் திரும்பிப் போனாள். கரிம வேதியியல் கவிழ்ந்தது. இயற்பியலும் கூடவே போனது. அப்பாவும் மறுவருடம் போய்ச் சேர்ந்தார். மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் ஒரு செவிலியை அமர்த்துவார்கள். பட்டறைக்காரன் மகளுக்கு மதிப்பெண் பட்டியலில் தழும்பு. இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் நேர்காணலுக்குக்கூட அழைப்பில்லை.

இந்த நிலையில்தான் மார்ச் மாதம் அந்தக் கடிதம் வந்தது. வேறு மாநிலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி நடத்தும் ஓராண்டு முதுகலைப் படிப்பு. மருத்துவத்தில் சேர முடியாதவர்களை எடுத்து, முதலாண்டு மருத்துவ மாணவர்களோடு அதே வகுப்பில் உட்காரவைத்து, அதே தேர்வை எழுதவைப்பார்கள். ‘எங்கள் மாணவர்களில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் அடுத்த கட்டத்தில் இடம் பெற்றிருக்கிறார்கள்’ என்று கடிதத்தோடு வந்த விளம்பர அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. அவளுக்கு இடம் இருக்கிறது; இரண்டு வாரம் கழித்து வரும் புதன்கிழமைக்குள் சேருவதாக உறுதி சொல்ல வேண்டும்.

அவள் அம்மா பெர்னடீன் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். கடனுக்கு வீட்டை ஈடு வைக்கவும் தயாராக இருந்தாள். டெஸ்ஸா அந்த அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றினாள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. அவள் முகத்தில் அந்த ஒரு வாரம் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. உணவகத்தில் அவள் எதிரே உட்கார்ந்து, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அதில் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

“உங்களுக்கு எதுலயாவது ஓட்டை கண்டுபிடிக்கலேன்னா சாப்பாடு இறங்காதா வெர்ன்?” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

ஈஸ்டருக்கு முன், கறி தின்னாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பகுதி மாதாகோயில் கூடத்தில் மீன் வறுவல் போடுவார்கள். எனக்குக் கோயிலோடு உறவு அந்த மீன் மட்டும்தான். அந்த வாரமும் போனேன். பெர்னடீன் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“வாய்யா, சாமி வேணாம், சாமி வீட்டு மீன் மட்டும் வேணும்” என்று தட்டில் இரண்டு துண்டு கூடுதலாகவே வைத்தாள். “எம் பொண்ணு மனசுல என்னத்தப் போட்ட? நாலு நாளாப் பேச்சே இல்ல.”

டெஸ்ஸா மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மீன் ஆறிக்கிடந்தது. கைபேசியில் எதையோ பெரிதாக்கி, பல்குத்தும் குச்சியின் நுனியால் திரையைத் தொட்டுத் தொட்டு நகர்த்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். தலையைத் தூக்காமலே, “பேசாதீங்க, கணக்கு விட்டுடும்” என்றாள்.

அந்தப் படிப்பின் இணையப் பக்கத்தில் வருடத்துக்கு இரண்டு படம் போடுவார்கள். ஆகஸ்டில் நீலச்சட்டை போட்டு, கல்லூரி வாசல் படிக்கட்டில் வரிசையாக நின்று ஒன்று. மே மாதம் பட்ட அங்கியோடு அதே படிக்கட்டில் இன்னொன்று. போன வருடத்து இரண்டு படங்களையும் எடுத்து அவள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஏடி, சாப்பாட்டு முன்னால உக்காந்து மனுசங்களை எண்ணாத, ஆகாது” என்றாள் கரண்டியோடு பின்னாலேயே வந்த பெர்னடீன்.

“எண்ணி முடிச்சாச்சும்மா. ஆகஸ்ட்ல அறுபத்து நாலு, மே மாசம் முப்பத்தொம்பது.”

பெர்னடீன் குனிந்து திரையைப் பார்த்தாள். சிலருக்குப் படம் எடுக்கும் நாளில் காய்ச்சலாக இருந்திருக்கும் என்றாள். இருபத்தைந்து பேருக்கா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பெண், ஆகஸ்ட் படத்தில் நீலச்சட்டைமேல் பச்சை மேலாடை போட்டுக்கொண்டு, முதல் வரிசையில் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். டெஸ்ஸா அவளை மே மாதப் படத்தில் மூன்று முறை தேடினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் என் காரில் உட்கார்ந்து அந்தக் கல்லூரிக்குப் பேசினாள். நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள். எதிர்முனையில் இருந்த பெண் நல்லவிதமாகவே பேசினாள். எண்பத்தெட்டு எப்படி வந்தது என்று டெஸ்ஸா கேட்டதும், படிப்பை முடித்து, கல்லூரிக் குழுவின் பரிந்துரைக் கடிதமும் பெற்று விண்ணப்பித்தவர்களில் அது என்றாள்.

“அப்படிப் பரிந்துரை வாங்குனவங்க எத்தனை பேருங்க?”

சற்று நேரம் தாள் புரட்டும் சத்தம். “போன வருசம் இருபத்தஞ்சு. அதுல இருபத்திரண்டு பேருக்குக் கிடைச்சிருக்கு.”

“எல்லாருமே மருத்துவத்துக்கா?”

பதினைந்து பேர் மருத்துவம்; மற்ற ஏழு பேர் பல் மருத்துவமும் பாத மருத்துவமும் என்று விளக்கினாள். டெஸ்ஸா கார் முன்பெட்டியில் கிடந்த ரசீது ஒன்றின் பின்புறம் 64 என்று எழுதி, கீழே 15 என்று எழுதினாள்.  சொல்ல வேண்டியதெல்லாம் அந்தத் துண்டுத்தாளில் இருந்தது.

அவள் போனை வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் இன்னொரு கேள்வி வைத்திருந்தாள். நான்கு வருடமாக இருந்த நம்பிக்கை அது.

“இங்க நான் நல்ல மார்க் வாங்கினா, அது என் பழைய காலேஜ் சராசரியோட சேந்து, அதைத் தூக்கிவிடும் இல்லீங்களா?”

“இல்லம்மா. எல்லா மருத்துவக் காலேஜுக்கும் போற பொது விண்ணப்பத்துல முதுகலை மார்க்குக்குத் தனி வரி. பழைய வரி அப்படியேதான் இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நிறையப் பேரு வந்து சேந்த பிறகுதான் இதைக் கேக்கறாங்க” என்றாள்.

பல கல்லூரிகள் இளங்கலைச் சராசரி இருக்கும் முதல் வரியைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகின்றன. இரண்டாம் வரிவரை அவர்கள் கண் போவதில்லை. அப்பாவைக் குளிப்பாட்டிய வருடம் அந்த முதல் வரியில்தான் இருக்கிறது. சாதாரண இளங்கலைப் பாடங்களைத் திரும்பப் படித்தால் மட்டுமே அந்த வரி அசையும். இதை அட்டையில் போட ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்துக்கு இடமில்லை. சூரிய ஒளியில் சிரிக்கும் முகங்களுக்கு இடம் இருந்தது.

நான் நியாயமாகவும் பேச வேண்டும். அந்தப் பதினைந்து பேருக்கு அந்த ஒரு வருடம் கதவைத் திறந்திருக்கலாம். பழைய சராசரி ஓரளவு தேறி, கடினமான படிப்பைத் தாங்குவேன் என்று காட்ட மட்டுமே வேண்டியவருக்கு அது சரியான வழியாகவும் இருக்கலாம். அல்லது அவர்கள் அது இல்லாமலே உள்ளே போயிருப்பார்களோ, தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் எண்பத்தெட்டு என்று சொன்னதுதான் குற்றம்.

புதன்கிழமை டெஸ்ஸா இடத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டாள். பெர்னடீன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முட்டைக்கோஸில் கறியும் அரிசியும் சுருட்டி வேகவைத்து, ஒரு பாத்திரம் நிறைய என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். இப்போது டெஸ்ஸா வாரம் இரண்டு மாலை ஊரிலிருக்கும் மாநிலக் கல்லூரிக் கிளையில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கரிம வேதியியலைத் திரும்பப் படிக்கிறாள். அடுத்து இயற்பியல். விண்ணப்பம் இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போய்விட்டது.

ஜூலையில் வழக்கம்போல மருத்துவ மாணவர்கள் இடுப்பளவு வெள்ளைக் கோட்டோடு பயிற்சிக்கு வந்தார்கள். ஒருவன் தன் கோட்டை நாற்காலியில் சுருட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தான். டெஸ்ஸா அதை எடுத்து உதறி, தோள்பட்டையை நேராக்கி, கொக்கியில் மாட்டினாள். மாட்டிய பிறகும் கை அந்தத் தோளிலேயே இருந்தது. நான் பார்த்துவிட்டதைக் கவனித்தாள்.

“அந்தப் பதினஞ்சுல ஒருத்தியா நான் இருந்திருப்பேனோன்னு தினம் தோணுது வெர்ன்” என்றாள்.

இருந்திருக்கலாம் என்றேன். பொய் சொல்லித் தேற்ற எனக்கு வரவில்லை. அவள் தலையசைத்துவிட்டு மேசையைத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஓகில்வியின் பின்னால் போனாள்.

முதல் வரிசையில் சிரித்த அந்தப் பெண்ணின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவளை எந்தச் சதவீதமும் எண்ணவில்லை. ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் ஒரு பெண்ணோ பையனோ இப்படி ஓர் அட்டையை மடித்துப் பையில் வைத்திருந்தால், இன்றைக்கே அந்தக் கல்லூரிக்கு எழுதுங்கள். முதல் நாள் படிக்கட்டில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.