இருபத்து நாலு புள்ளி ஒன்பது எட்டு

மண்ணெண்ணெயும் துருவும் கலந்த அந்த வாடை, எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. சோற்றில் கைவைத்தால் சோற்றிலும் ஏறிவிடும். திருவொற்றியூரில் ப்ளஸ் டூ படித்தபோது, செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் எங்கள் கைக்கு வந்த வாடை அது. நான் எடுத்திருந்தது தொழிற்பிரிவு, ‘மெசினிஸ்ட் குரூப்’. இரும்பை லேத்தில் கடைந்து, தலைமுடி கனத்துக்குக்கூடப் பிசகாமல் அளவுக்குக் கொண்டுவரக் கற்றுத்தரும் படிப்பு என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

லேத் இருந்தது, ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பரும் இருந்தது, பீரோவுக்குள், பூட்டோடு. கேட்டால் எங்கள் சார் சொல்வார்: “இந்த ஏரியாப் பசங்க கையில குடுத்தா சாயங்காலமே காயலாங்கடைக்குப் போயிடும்.” துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள் நிறைந்த அந்த வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே ஆத்திரம் வருகிறது.

அளக்க இருந்ததும் எந்தக் காலத்திலோ யாரோ கடைந்து வைத்த ஒரே ஓர் இரும்பு உருளைதான். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் சார் வாயால் சொல்வார், நாங்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்வோம்: இருபத்து நாலு புள்ளி ஒன்பது எட்டு. தேர்வுக்கு முந்தின நாள் அதன் துருவை மண்ணெண்ணெய் தொட்டு எமரித் தாளால் தேய்ப்பது ஒன்றுதான் நாங்கள் இரும்பைத் தொட்டுச் செய்த வேலை. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று செய்முறை மதிப்பெண்ணைப் பார்த்து ‘அப்ரண்டிஸ்’ எடுத்துக்கொண்டிருந்தது. அதில் சேர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. என் நோட்டைப் புரட்டிப் பார்த்த அம்மா, “பாக்க அழகாத்தான் கீது. ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஒதவுமாடி?” என்றாள்.

அது சுருக்கென்று தைத்தது. பழைய நோட்டின் அட்டையை வெட்டி, கோடு கிழித்து, நானே ஒரு வெர்னியர் செய்துகொண்டேன். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று பார்த்துப் பார்த்து அளவு படிக்கப் பழகினேன். வெளியிலிருந்து தேர்வாளர் வந்த அன்று பீரோ திறந்தது. நிஜக் காலிப்பரை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். உருளையை அதன் வாயில் கவ்வவைத்துப் பார்த்தால் இருபத்து நாலு புள்ளி ஆறு இரண்டு. மூன்று முறை பார்த்தும் அதேதான். வருடா வருடம் தேய்த்ததில் உருளை இளைத்துப் போயிருந்தது. கண்ணால் கண்டதை எழுதினேன். தேர்வாளரோ உருளையைக் கையில்கூட எடுக்காமல், சார் கொடுத்த தாளோடு ஒப்பிட்டுவிட்டுத் தவறு என்று சுழித்தார்.

தொழிற்சாலையிலிருந்து எனக்குக் கடிதம் வரவில்லை. சார் சொன்ன எண்ணையே எழுதிய என் தோழி மும்தாஜுக்கு வந்தது. போன முதல் நாளே அவளிடம் ஒரு காலிப்பரையும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு தண்டையும் கொடுத்து அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இருபத்து நாலு புள்ளி ஒன்பது எட்டு என்று எழுதியிருக்கிறாள். அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“அத்த வுட்டா வேற நம்பரு நமக்கு இன்னாடி தெரியும்?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எந்தப் பட்டறை வாசலையும் மிதிக்கவில்லை.

எங்கெங்கோ சுற்றி, இப்போது அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளிடம் நாலு நல்ல வார்த்தை பேசச் சொல்லிப் போன மாதம் எங்கள் பழைய பள்ளியில் கூப்பிட்டார்கள். மெசினிஸ்ட் குரூப்பை எடுத்துவிட்டார்களாம். லேத் நின்ற இடத்தில் உடைந்த பெஞ்சுகள் கிடந்தன. லேத் எங்கே என்று கேட்டேன். காயலாங்கடைக்குப் போட்டுவிட்டோம் என்றார் அலுவலகத்துக்காரர், கூச்சமே இல்லாமல். பீரோ மட்டும் மிச்சமிருந்தது. விடாப்பிடியாக நின்று சாவியைத் தேடவைத்துத் திறக்கச் சொன்னேன். காலிப்பர் அதன் பெட்டிக்குள்ளேயே, துருவேறி இறுகிக் கிடந்தது. எவ்வளவு இழுத்தும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை வருடத்தில் எங்கள் ஏரியாப் பிள்ளைகள் யாரும் அதைத் திருடிக்கொண்டு போகவில்லை.