சட்னி வராத திங்கட்கிழமை

திங்கட்கிழமைதோறும் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகும் ரயிலில் நானும் என் லாஸ்பேட்டைத் தோழியும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவோம். இட்லி என் வீட்டிலிருந்து, சட்னி அவள் வீட்டிலிருந்து. பல வருடப் பழக்கம்.

சமீபத்தில் அந்த ரயிலில் ஏசி பெட்டி சேர்த்தார்கள். அங்கே சாப்பாடு இருக்கைக்கே வரும். "நமக்கு எதுக்குடி அதெல்லாம்" என்று சொன்னவளே அவள்தான்.

இந்த வாரமும் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தேன். விழுப்புரம் தாண்டியும் ஆளைக் காணோம். உடம்புக்கு என்னவோ என்று பயந்து போன் செய்தேன், எடுக்கவில்லை. தேடிக்கொண்டே ஏசி பெட்டிவரை போனேன். மடியில் தட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டியாடி?" என்றாள்.

வெறும் இட்லியோடு காத்திருந்தவளைப் பார்த்து, சட்னி கொண்டுவர வேண்டியவள் கேட்கிற கேள்வி.