சித்தப்பா விழிக்க அரை மணி நேரம்

“எழுந்திருங்க சித்தப்பா, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!”

மூடியிருந்த துண்டை உருவி மடித்துவிட்டு, கறுப்புப் பெட்டியின் விசையைத் தட்டிவிடுகிறார் ஈசிஜி அக்கா. சிவப்பு விளக்கு எரிகிறது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பல் தேய்க்கிறார், துணியை ஊற வைக்கிறார், டீ போட்டுக் குடிக்கிறார். அரை மணி நேரம் கழித்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் வாசிப்பு.

சித்தப்பா என்பது ஒரு சிந்தசைசர், மின்சாரத்தில் ஒலியை உண்டாக்கும் வாத்தியம். முப்பத்தொரு குமிழ்கள், ஒயர் செருக இருபது துளைகள்; செருகித் திருப்பிவிட்டால் ஒலி தானே ஓடும். வயதான யந்திரம் என்பதால் சூடேறும்வரை சுருதி ஓரிடத்தில் நிற்காது, மெல்ல நழுவிக்கொண்டே இருக்கும். “எங்க நிஜ சித்தப்பாவும் இப்படித்தான். எழுந்து அரை மணி நேரம் ஆனாத்தான் மனுஷன் ஆவாரு. அதுக்கு முன்னாடி பேச்சுக் கொடுத்தா எரிஞ்சு விழுவாரு” என்கிறார் அக்கா. பக்கத்தில் தாளம் போடும் பெட்டியின் பெயர் முரடன். சொன்னதையே திரும்பச் சொல்லும் எதிரொலிப் பெட்டி, ஆமாஞ்சாமி. ஆஸ்பத்திரி வெள்ளைப் பிளாஸ்திரியில் பேனாவால் எழுதி ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒட்டி வைத்திருக்கிறார்.

வயது நாற்பத்தெட்டு. பகலில் மருத்துவமனையில், ஒரு கட்டிலும் ஒரு திரையும் மட்டுமே கொண்ட அறையில், வருகிறவர்களின் மார்பிலும் கை கால்களிலும் ஒயர் மாட்டி இதயத் துடிப்பைத் தாளில் எடுக்கும் வேலை. பயந்து நடுங்குகிறவர்களிடம் அக்கா சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “கை காலை ஆட்டாதீங்க. சும்மா இருக்கிறதுதான் இப்ப உங்க வேலை.” இதே கைகள் வீட்டுக்குப் போயும் ஒயர்தான் செருகுகின்றன என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருட வாசிப்பைக் கேட்டிருப்பது தம்பி ஒருவன்தான்.

குமிழைப் பற்றிப் பேசினால் அக்காவிடம் மணிக் கணக்குதான். “அதை ரெண்டரைக்குத் திருப்பு. இதைப் பத்துல வை.” பிடித்த ஒலி அமைந்துவிட்டால், ஒரு நோட்டில் முப்பத்தொரு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் கடிகார முள் மாதிரி ஒரு கோடு இழுத்துக்கொள்வார். ஒரு குமிழ் ஏழரையில் நின்றால் போதும், “நம்ம வீட்ல அதுக்கு மட்டும் குறைச்சலே இல்ல” என்பான் தம்பி. வாசித்து முடித்ததும் அத்தனை ஒயர்களையும் பிடுங்கிவிடுவது அக்காவின் வழக்கம்.

தம்பி அடுத்த அறையில் இருக்கிறான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்சியாளன். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் பிரேக்கைத் தேடும். அவனும் இசை அமைக்கிறான், முழுக்க முழுக்க லேப்டாப்பில். ஒரு தும்மலைக்கூடச் சேமித்து வைக்கிற ஆள்.

“நேத்து வாசிச்சது எங்கக்கா?”

“போச்சு.”

“போச்சுன்னா?”

“காத்துல போச்சு. பேசுறதையெல்லாம் எழுதியா வைக்கிறோம்?”

சண்டை போட்டுத் தம்பி வாங்கிய ஒரே சலுகை, தன் பழைய லேப்டாப்பை அந்த மேசையில் ஓரமாக வைத்ததுதான். வாசிக்கும்போது அதன் விசைப்பலகையின் நீளக் கட்டையை ஒரு தட்டு தட்ட வேண்டும், பதிவாகிவிடும். அக்கா தட்டுவார், வேண்டா வெறுப்பாக. அதற்குப் பிளாஸ்திரி மட்டும் கிடையாது. “விருந்தாளிக்கெல்லாம் எதுக்குப் பேரு?”

அந்த விருந்தாளியிலிருந்துதான் வம்பு ஆரம்பித்தது. பதிவாகியிருந்த இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைத் தம்பி தன் பயிற்சிக் காரில் ஓடவிட்டிருக்கிறான். வண்டி பழக வந்திருந்த நடன டீச்சர், சிக்னல் பச்சையானது தெரியாமல் அப்படியே நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. “இது யாரு போட்டது? எனக்கு இது வேணும். எங்க மேடை நாட்டியத்துக்கு ஏழு நிமிஷம் வேணும்.”

“எனக்கெதுக்குப்பா இதெல்லாம்?” என்று சொன்ன அக்காதான், அரங்கத்தில் மொத்தம் எத்தனை நாற்காலி என்று ஒரே மாலையில் நான்கு முறை கேட்டார். தன் ஒலியை முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு அவரை விடவில்லை. பயமும் இருந்தது, அதைவிட ஆசை அதிகம் இருந்தது.

நோட்டைப் பிரித்து, வட்டம் வட்டமாகப் பார்த்து, குமிழ்களைத் திருப்பி, அரை மணி நேரம் காத்திருந்து ஏழு நிமிடம் வாசித்தார். டீச்சர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “நல்லா இருக்கு. ஆனா அது இல்ல. அது எங்கயோ சாஞ்சுக்கிட்டே போச்சு. இது ஒழுங்கா நிக்குது.”

தம்பி தன் பங்குக்கு அந்த இரண்டு நிமிடத்தையே லேப்டாப்பில் ஒட்டி ஒட்டி ஏழாக்கினான். ஒட்டு எங்கே என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. “காதுக்குத் தெரியல, காலுக்குத் தெரிஞ்சுடுது” என்றார் டீச்சர். “ரெண்டாவது சுத்துலயே ஆடுறவங்க சலிச்சுப் போறாங்க.” இதே சிந்தசைசர் மென்பொருளாகவும் கிடைக்கிறதென்று தம்பி அதையும் இறக்கிப் பார்த்தான். அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார். “இந்தச் சித்தப்பா விடியுறதுக்கு முன்னாடியே குளிச்சு, தலை வாரி நிக்கிறாரேடா!”

மூன்று வாரம் போய்விட்டது. “சனிக்கிழமைக்குள்ள வரலேன்னா ரெடிமேடா ஏதாவது போட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்று டீச்சர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை அக்கா ஒரு பெரியவருக்கு வலக்கை ஒயரை இடக்கையில் மாட்டிவிட்டு, தாளில் கோடு தலைகீழாக வந்ததைப் பார்த்துத் திரும்ப எடுத்தார். இருபது வருடத்தில் அவர் செய்யாத தவறு அது.

அன்று மாலை தம்பி அந்தப் பழைய பதிவை மறுபடி நோண்டிக்கொண்டிருந்தான்.

“அக்கா, இது பதிவான நேரம் அஞ்சு அம்பத்திரண்டு. ஏன் ரெண்டே நிமிஷத்துல நிறுத்தின?”

“அன்னிக்கு ஆறு மணி டூட்டிடா. அலாரம் அடிக்கல, அஞ்சே முக்காலுக்குத்தான் முழிச்சேன். வாசிக்காமப் போக மனசில்லாம அவசரமா ரெண்டு நிமிஷம்...”

அக்கா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அரை மணி நேரமாவது, அன்று அவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. நோட்டில் வரைய முடியாத முப்பத்திரண்டாவது குமிழ் அதுதான். சுருதி சேராத குளிர்ந்த யந்திரத்தின் நழுவலைத்தான் டீச்சர் கேட்டு மயங்கியிருக்கிறார். அக்கா மூன்று வாரமாக அதைச் சுடவைத்துச் சுடவைத்துக் கொன்றுகொண்டிருந்திருக்கிறார். “அடப்பாவி, இந்த விருந்தாளிக்குத்தான் தெரிஞ்சிருக்கு” என்றார்.

வெள்ளி விடிகாலை. சூடேறிவிட்டால் மறுபடி ஆற வெகு நேரமாகும், அதனால் வேலைக்குக் கிளம்புமுன் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. “முழிச்சுக்காதீங்க சித்தப்பா, அப்படியே தூங்குங்க” என்று கிசுகிசுத்தபடி விசையைத் தட்டினார். தம்பி நீளக் கட்டையைத் தட்டினான். முந்தின இரவே குமிழ்களைத் திருப்பி, ஒயர்களைச் செருகி வைத்திருந்ததால் உடனே ஒலி கிளம்பி, பிடிமானமில்லாமல் மெல்லச் சரியத் தொடங்கியது. பன்னிரண்டு வருடப் பழக்கம் விடுமா? சுருதிக் குமிழை நோக்கிக் கை தானாகவே போயிற்று. அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். “சும்மா இருக்கிறதுதான் இப்ப உன் வேலை” என்று உதடுகள் முணுமுணுத்தன. ஏழு நிமிடம் அப்படியே இருந்தார்.

பத்தரை மணிக்கு ஈசிஜி அறைக்குத் தம்பியின் போன் வந்தது. “டீச்சர் காரை ஓரங்கட்டிட்டுக் கேக்கறாங்க. இதேதான், இதேதான்னு சொல்றாங்க. அழறாங்கக்கா.” போனைக் காதில் வைத்தபடியே அக்கா, ஓடிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்த அம்மாள்தான், “என்னம்மா, எனக்கு ஏதாவது கோளாறா?” என்று பதறிவிட்டார். “உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, எனக்குத்தான் படபடன்னு வருது” என்றார் அக்கா.

மாலையில் வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்த பிளாஸ்திரியில் விரல் நீளம் கிழித்து, ‘மாப்பிள்ளை’ என்று எழுதி, லேப்டாப்பின் நெற்றியில் ஒட்டிக் கட்டைவிரலால் நான்கு ஓரமும் அழுத்திவிட்டார்.