கட்டம் கட்டமாக உடைந்த ஆட்டம்

அந்த வீட்டில் அவள் எல்லோருக்கும் நடுவர் அத்தை. ஒரு காலத்தில் வாலிபால் ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவள். ஒருமுறை, பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததென்று அவள் சொன்ன தீர்ப்பை மாற்றச் சொல்லிச் சங்கத் தலைவரே மைதானத்துக்குள் இறங்கி வந்தார். "வெளியேன்னா வெளியேதான்" என்றாள். அதோடு பெரிய ஆட்டங்களுக்கு அவளைக் கூப்பிடுவது நின்றுபோனது. அதற்காக அவள் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை.

முட்டி தேய்ந்தபின் தம்பி வீட்டோடு வந்து தங்கினாள். கூடத்துக் கம்ப்யூட்டரின் பின்புறம் விரல் நீள டிவி ரிசீவர் ஒன்றைச் செருகி, மொட்டைமாடி ஆன்டெனாவோடு இணைத்து ஆட்டம் பார்ப்பாள். அதே கம்ப்யூட்டரில்தான் தம்பி மகன் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவன் புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினான். அன்றிலிருந்து டிவி படம் கட்டம் கட்டமாக உடைந்தது. எழும்பிய பந்து அந்தரத்தில் உறைந்து நிற்கும்.

"ஆன்டெனா பழசு, அத்தை" என்றான். புது ஆன்டெனா வந்தது. படம் தேறவில்லை.

"உன் கார்டு வந்தப்புறம்தான்டா இந்தக் கூத்து."

"மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாதீங்க. பேசாம ஃபோன்ல பாருங்க."

"பந்து எது, கொசு எதுன்னு தெரியாம நான் ஆட்டம் பாக்க மாட்டேன்."

பெண்கள் இறுதி ஆட்டத்தன்று அவன் படம் பிடிக்க வெளியே போயிருந்தான். அத்தை மின்சார வயரைப் பிடுங்கி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை உருவி மேஜைமேல் வைத்தாள். மானிட்டர் வயரைப் பழைய துளையில் செருகி, மறுபடி போட்டாள். படம் பளிச்சென்று வந்தது.

திரும்பி வந்தவன் தாம்தூம் என்று குதித்தான். "என் பொழப்பே அதுலதான் இருக்கு! யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

"யாரையும் கேக்கல. கடைசி செட் முடியட்டும், அப்புறம் கத்து."

கத்த வந்தவன் நின்றபடியே ஆட்டத்தைப் பார்த்து முடித்தான். பிறகு கார்டை மாட்டினான். படம் மறுபடி சிதறியது. கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு ஃபோன் போட்டான்.

"சில கார்டு அப்படித்தாங்க, பக்கத்துல இருக்கற ரிசீவரோட சிக்னலைக் கெடுக்கும். தள்ளி வெச்சுப் பாருங்க" என்றார் அவர்.

நீள வயர் வந்தது. ரிசீவர் ஜன்னல் கம்பிக்குக் குடிபெயர்ந்தது. கார்டு பெட்டிக்குள்ளேயே இருந்தது, படமும் உடையவில்லை. இப்போது தம்பிதான் முகத்தைச் சுளித்தான்.

"கூடத்துக்குக் குறுக்கே வயர் தொங்குதே அக்கா. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும். குனிஞ்சு போகச் சொல்லு" என்றவள், நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.